மொட்டைப்பாறை சாம்பிள்

கிண்டி பரிசோதனைச்சாலையிலிருந்து வந்திருந்த தாளில் நாலே வரிகள். நாலாவது வரியைப் படித்ததும் ஜெபமணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

'மேற்படி நீர் தெளிவானது. கிருமிகள் அற்றது. மனிதர் அருந்த மிகவும் தகுந்தது.'

அருந்த மிகவும் தகுந்ததாம். மொட்டைப்பாறைச் சேரியின் படிக்கிணற்றுத் தண்ணீர்.

ஜெபமணி சித்தூர் ஜில்லா போர்டில் சுகாதார இன்ஸ்பெக்டர். வயது முப்பத்திரண்டு. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ, சட்டைப்பையில் மடிப்புக் கலையாத கைக்குட்டை. எந்த ஊருக்குப் போனாலும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தன் பிளாஸ்கிலேயே கொண்டுபோவான். இன்ஸ்பெக்ஷனுக்குப் போகும் வீடுகளில் கை நனைத்ததில்லை.

போன மாதம் பார்த்த அந்தக் கிணறு அவன் கண்ணுக்குள்ளேயே இருந்தது. இருபத்திரண்டு படிகள். கீழே கஷாயம்போலத் தண்ணீர், அதன்மேல் ஆடைபோலப் பச்சைப் பாசி, ஓரத்தில் எருமைச் சாணம். பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, பாசியைக் குடத்தால் தள்ளிவிட்டு மொண்டார்கள். அவர்களில் நாலு பேர் காலில் துணிக்கட்டு. கட்டுக்குள் நரம்புச் சிலந்தி. கால் தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும் வெள்ளைப் புழு, ஒரு முழம் இருக்கும். அந்தப் புண்ணைத் தண்ணீரில் வைத்ததும் புழு தன் குஞ்சுகளை அதில் கக்கும். குடிக்கிறவர்கள் வயிற்றுக்குள் அவை போகும். ஒரு வருஷம் கழித்து வேறொருவர் காலைப் பொத்துக்கொண்டு வரும்.

அந்தத் தண்ணீருக்குத்தான் இந்த நற்சாட்சிப் பத்திரம்.

நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, திருப்பதியில் குடிநீர்க் கமிட்டி கூடுகிறது. 1934-ஆம் வருஷத்துக்கு இந்தத் தாலுகாவுக்கு ஒரே ஒரு கிணறு. சேரிக்கென்று ஒதுக்கியது. மார்ச் முடிவதற்குள் மண்வெட்டி விழாவிட்டால் உத்தரவு செத்துப்போகும். சேரித் தண்ணீர் நன்றாக இருக்கிறதென்று தாள் சொன்னால், கிணறு கமிட்டி மெம்பர் பாலசுந்தரத்தின் மாந்தோப்பு வாசலுக்குப் போய்விடும். நகரியில் ஜவுளி வியாபாரம் செய்யும் அந்த மனிதர், பாகாலாவுக்குப் பக்கத்தில் தோப்பு வாங்கிய நாளிலிருந்து அந்தக் கிணற்றின்மேல் கண்ணாக இருந்தார்.

பாட்டிலை மாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டினான் ஜெபமணி. மாற்ற வேண்டிய அவசியம் உள்ள ஆள் ஒருவர்தான். ஆனால் அரக்கு முத்திரை உடையாமல் போய்ச் சேர்ந்ததாகத் தாளிலேயே எழுதியிருந்ததே.

தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினான்.

பாகாலாவில் இறங்கி, வாடகை சைக்கிளில் மூன்று மைல் மிதித்து மொட்டைப்பாறைக்குப் போய்ச் சேரும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. சேரியின் முதல் குடிசை வாசலில் பொன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். வலது கணுக்காலில் ஈர்க்குச்சி ஒன்று கட்டியிருந்தது. குச்சியில் வெள்ளை நூலைச் சுற்றியதுபோல் நாலு சுற்று. நூலல்ல, புழு. நாளுக்கு ஒரு சுற்றாக, அறுந்துபோகாமல், மெள்ள இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அறுந்தால் உள்ளே அழுகிக் காலையே எடுக்க வேண்டியதுதான்.

ஜெபமணி பார்வையை வேறு பக்கம் திருப்பினான்.

"இன்னா தொர, மூஞ்சியத் திருப்பிக்கினீங்க? புழு ஒண்ணும் எகிறி வந்து கடிக்காது." பொன்னியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். சேரியில் அவள் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள். "அன்னைக்கி பாட்டில்ல புடிச்சிக்கினு போனீங்களே, தண்ணி தித்திப்பா இருந்திச்சா?"

"அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன். அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது."

பொன்னியம்மாளின் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, "யோவ், கேட்டியா? நம்ம தண்ணி நல்லா இருந்திச்சாம்" என்று தன் புருஷனைக் கூப்பிட்டாள்.

எல்லப்பன் வெளியே வந்தான். ஜெபமணிக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. அன்று தண்ணீர்ச் சொம்பை நீட்டியவன். அன்று அவன் தலை பளபளவென்று மழித்து, சந்தனம் பூசியிருந்தது. வீட்டில் ஏதோ சாவு என்று ஜெபமணி நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது மயிர் அரை அங்குலம் வளர்ந்து முள்முள்ளாக நின்றது.

அப்போதுதான் அவனுக்கு அந்தச் சொம்பு உறைத்தது.

அன்று நடந்தது இதுதான். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கிணற்றில் இறங்கினான். மூன்றாவது படியில் கால் வழுக்கியது. பிடிக்கப்போன கையில் கொழகொழவென்று என்னவோ ஒட்டிக்கொண்டது. மேலே ஏறி வந்து, கையைக் கைக்குட்டையால் ஐந்து முறை துடைத்தான். கைக்குட்டையைத் தூக்கி எறிந்தான். அந்தச் சமயம் பார்த்து எல்லப்பன் பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீரை நீட்டினான். எல்லாம் ஒரே கிணற்றுத் தண்ணீர்தானே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு, சொம்பிலிருந்து பாட்டிலில் ஊற்றி மூடினான். ஃபாரத்தில் அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்: 'கிணற்றில் இறங்கி என் கையால் எடுத்த நீர்.'

"எல்லப்பா, அது இந்தக் கிணற்றுத் தண்ணீர்தானே?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா தொர பேசறீங்க?" என்றாள் பொன்னியம்மாள். "ஆபீசரு வராருன்னு தலையாரி தம்பட்டம் போட்டான். வந்த மனுசன் தாகமா இருக்குன்னா, இந்தக் கண்ராவியவா மொண்டு குடுப்போம்? நாளைக்கி உங்க காலுல நரம்பு வந்தா எங்க மேலதான பழி? எங்க ஊட்டுக்கு வர்றவங்களுக்கு நாங்க இத்தக் குடுக்கறதில்ல. கல்யாணத்துக்குச் சம்பந்தி வந்தாலும் வெளியேந்து கொண்டாந்துதான் குடுப்போம்."

"நான் தாகமென்று சொல்லவே இல்லையே."

"சொல்லித்தான் குடுக்கணுமா? ஆனா நீங்க குடிக்கல. பாட்டில்ல ஊத்தி மூடிக்கினீங்க. சரி, ருசி புடிச்சிப்போயி ஊட்டுக்கு எடுத்துக்கினு போறாருன்னு நெனச்சிக்கினோம்."

ஜெபமணி சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். வாயில் எச்சில் ஊறியது. துப்பத் தோன்றியது. யார்மேல் துப்புவது? பாட்டிலை ஒருவரும் மாற்றவில்லை. வெள்ளை ஷூவில் பாசி ஒட்டிவிடும் என்று மாற்றியவன் அவனேதான்.

"எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?"

"அது எதுக்கு?" எல்லப்பன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"தெரிந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை உங்கள் கிணறு போய்விடும்."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு உங்க சாமி மேல சத்தியம் வெய்ங்க" என்றாள் பொன்னியம்மாள்.

"எங்கள் சாமி சத்தியம் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்."

"அப்ப சும்மாவே சொல்லுங்க. பொய்யாப் போனா உங்க சாமி பாத்துக்கட்டும்."

"சொல்ல மாட்டேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாகாலா ஸ்டேஷன் எதுருல போர்டு போட்ட கொழாயி இருக்குதில்ல, அங்க. நாங்க கைய வெச்சா கைய ஒடிப்பாங்க. அதுக்குத்தான் இவன் தலைய மொட்டை அடிச்சிக்கினான். சந்தனம் பூசி, நாமம் இஸ்துக்கினு, கோவிந்தா கோவிந்தான்னு போனான். மலையேறி வந்த மொட்டைய யாரும் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்கறதில்ல. ஒரு கொடம் புடிச்சிக்கினு வந்துட்டான். அம்புட்டும் உங்களுக்காவ. எங்க புள்ளைங்களுக்குக்கூட ஒரு முழுங்கு குடுக்கல."

தனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தர ஒருவன் தலையை மழித்துக்கொண்டிருக்கிறான். தான் படிக்கட்டில் ஷூ வழுக்கியதற்காகத் திரும்பி வந்திருக்கிறான். ஜெபமணிக்குத் தன் வெள்ளைக் கால்சட்டையே அருவருப்பாக இருந்தது.

ஷூவைக் கழற்றி வைத்தான். பையிலிருந்த புதுப் பாட்டிலுடன் இருபத்திரண்டு படிகளும் இறங்கினான். பாசி கால் விரல்களுக்கிடையே பிதுங்கியது. மொண்ட பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்தபோது, வெள்ளைப் புள்ளிகளாக நீர்ப்பூச்சிகள் அதில் துள்ளித் துள்ளி நீந்தின.

வெள்ளிக்கிழமை காலை ரயில் பாகாலாவில் இருபது நிமிஷம் நின்றது. மூன்றாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஜெபமணி பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து மூன்று பியூன்கள், ஆளுக்கொரு வெள்ளிக் கூஜாவுடன், வெளியே குழாயடிக்கு ஓடினார்கள். பாகாலா தண்ணீரென்றால் கமிட்டிக்காரர்களுக்கு உயிர். திருப்பதியில் எத்தனை கிணறு இருந்தாலும் இந்தத் தண்ணீர்தான் வேண்டும்.

அந்த மூன்று கூஜாக்களும் பதினோரு மணிக்குத் திருப்பதிச் சத்திரத்து மாடி மேஜையின்மேல் வரிசையாக இருந்தன. நடுவில் சேர்மன் சிவசங்கரன். வலப்புறம் பாலசுந்தரம். இடப்புறம் எர்னஸ்ட், சித்தூர் சபையின் மூப்பர். ஜெபமணிக்கு ஞானஸ்நானம் நடந்தபோது சாட்சிக்கு நின்றவர்.

சேர்மன் ரிப்போர்ட்டை வாசித்தார். வாசித்து முடித்துக் கூஜா மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தார்.

"பாக உந்தி, நல்ல ருசி. சேரித் தண்ணீர் முதல் தரம் என்கிறது சர்க்கார். பிறகு அங்கே கிணறு எதற்கு?"

"அதைத்தான் நானும் மூணு மாசமா சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் பாலசுந்தரம். "என் தோப்பு வாசல்ல வெட்டுனா நாலு வண்டிக்காரன், நாலு வழிப்போக்கன் குடிப்பான். புண்ணியம்."

ஜெபமணி எழுந்தான். "சார், அந்த ரிப்போர்ட் தப்பு. தப்பு என்னுடையது. நான் கிணற்றில் இறங்கவில்லை. அவர்கள் சொம்பில் கொடுத்ததை ஊற்றி அனுப்பினேன். பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன்."

எர்னஸ்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, யோசிச்சுப் பேசுங்க. உத்தியோகம்."

"யோசித்துவிட்டேன், ஐயா." பையிலிருந்து பாட்டிலை எடுத்தான். கைக்குட்டையை ஒரு கிண்ணத்தின் வாயில் விரித்துத் தண்ணீரை ஊற்றினான். துணியில் பழுப்புச் சேறும், அதில் நெளியும் புள்ளிகளும் தங்கின. "இதுதான் மொட்டைப்பாறைக் கிணறு. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் நரம்புச் சிலந்திக் குஞ்சு இருக்கிறது. சேரியில் அறுபது பேர். பதினெட்டுப் பேர் காலில் புழு. பக்கத்தில் வந்து பாருங்கள்."

ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. பாலசுந்தரம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அந்தக் கண்ராவிய மூடு, இன்ஸ்பெக்டரே. துன்ற நேரத்துல இன்னாத்துக்கு இதெல்லாம்?"

சேர்மன் கெட்டிக்காரர். விரலால் ரிப்போர்ட்டைத் தட்டினார். "அப்படியானால் சொம்பில் இருந்தது வேறு தண்ணீர். கிருமி இல்லாதது. சரியா?"

"ஆமாம்."

"அவர்களே நடந்து போய்க் கொண்டுவந்தது?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன? நல்ல தண்ணீர் அவர்களுக்கு எங்கேயோ கிடைக்கிறது. தினமும் அங்கேயே போய் எடுத்துக்கொள்ளட்டுமே. சோம்பேறித்தனத்துக்கு போர்டு கிணறு வெட்டுமா? தீர்மானம் எழுதுங்கள், தோப்பு வாசல்."

பாலசுந்தரம் சிரித்துக்கொண்டே கூஜாவிலிருந்து குடித்தார். எர்னஸ்டும் குடித்தார். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தான்.

ஜெபமணி மூன்று கூஜாக்களையும் பார்த்தான். சொல்ல மாட்டேன் என்று சொன்னது காதில் ஒலித்தது. சொன்னால் கிணறு வரலாம். குழாய் போய்விடும். சொல்லாவிட்டால் கிணறு இல்லை; கல்யாணத்துக்கும் ஆபீசருக்கும் ஒரு குடம் திருட்டுத் தண்ணீர், மற்ற நாளெல்லாம் புழு.

"எங்கே என்று கேட்கவில்லையே, சார்."

"எங்கேயாம்?"

"பாகாலா ஸ்டேஷன் எதிரே இருக்கிற போர்டுக் குழாயில். இந்த மூன்று கூஜாவிலும் இருப்பது அதே தண்ணீர்தான். அதே குழாய், அதே திருகு. ரிப்போர்ட் புகழ்ந்தது நீங்கள் இப்போது குடித்துக்கொண்டிருக்கும் தண்ணீரைத்தான்."

பாலசுந்தரத்தின் தொண்டையில் தண்ணீர் நின்றது. அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஜன்னலுக்கு ஓடினார். சேர்மன் கூஜா மூடியை இரண்டு விரலால் தள்ளித் தள்ளி மேஜை ஓரத்துக்குக் கொண்டுபோனார். எர்னஸ்ட் மூப்பர் பதறவில்லை. எழுந்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், தன் கூஜாவைத் தொட்டிச் செடியில் கவிழ்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் எல்லோரும் பருகுவதன் மகிமையைப் பற்றிப் பிரசங்க பீடத்தில் நின்று முக்கால் மணி நேரம் பேசியவர் அவர்.

நெளியும் புழுவைப் பார்த்தபோது வராத பதற்றம், தெளிந்த தண்ணீரைப் பார்த்ததும் வந்துவிட்டது. ஜெபமணி ஈரக் கைக்குட்டையைக் கையில் பிடித்தபடி நின்றான். அந்த அறையில் அதுதான் சுத்தமான பொருளாகத் தெரிந்தது.

"எவன் கை வைத்தான்? ஏமய்யா, பெயர் சொல்லு" என்றார் சேர்மன்.

"நான் பார்க்கவில்லை."

"எத்தனை நாளா நடக்குது இது?" வாயைத் துடைத்துக்கொண்டே பாலசுந்தரம் திரும்பி வந்தார். "சேர்மன்காரு, இன்னா யோசிச்சிக்கினு இருக்கீங்க? அவங்களுக்கு ஒடனே ஒரு கெணறு வெட்டித் தொலைங்க. நல்லா ஆழமா வெட்டுங்க. நாளைக்கே ஆரம்பிங்க. தோப்பு எங்க போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

ஏழு நிமிஷத்தில் தீர்மானம் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மொட்டைப்பாறைச் சேரிக்குள் கிணறு, சுற்றுச்சுவருடன், திங்கட்கிழமை ஆரம்பம். அதே தாளில் இரண்டாவது தீர்மானம்: பாகாலாக் குழாயடியில் இன்றிலிருந்து தலையாரி காவல். மூன்றாவது: பொய்க் கையெழுத்துக்கு இன்ஸ்பெக்டர் பதினைந்து நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டியது.

மாடிப்படியில் எர்னஸ்ட் அவன் தோளைத் தொட்டார். "சேரிக்கு நல்ல காரியம் செஞ்சீங்க, தம்பி. கர்த்தர் பாத்துக்கிட்டுதான் இருக்கார்."

"எதைப் பார்த்தார், ஐயா? செடியையா?" என்றான் ஜெபமணி.

மூப்பர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பொன்னியம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஈர்க்குச்சியில் ஏழு சுற்று. ஜெபமணி உத்தரவைப் படித்துக் காட்டினான்.

"எங்க காலப் பாத்தா குடுத்தாங்க?"

"இல்லை."

"பின்ன?"

அவன் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"கொழாயச் சொல்லிட்டீங்க."

"சொல்லிவிட்டேன். எல்லப்பன் பெயரைச் சொல்லவில்லை."

அவள் தெருவில் காறித் துப்பினாள். எச்சில் அவன் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கோபத்தில் துப்பினாளா, அளந்து துப்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நாங்க தொட்ட தண்ணி அவங்க வாயில போயிடக் கூடாதுன்னு எங்களுக்குக் கெணறு" என்றாள். "சரி. வெட்டட்டும். ஊறுறது தண்ணிதான, வேற இன்னா ஊறப்போவுது. எத்தினி நாளாவும்?"

"பாறை. இரண்டு மாசம் ஆகும்."

"அந்த ரெண்டு மாசம்? மாசி போயி பங்குனி வந்தாச்சி. கெணத்துல கீழ்ப்படிக்குத் தண்ணி எறங்கிடுச்சி. இனிமே மொண்டா பாதி புழுதான். சித்திரையில என் தங்கச்சி மவளுக்குக் கல்யாணம். சம்பந்திக்கு இன்னாத்தக் குடுக்கறது? மொட்டை அடிச்சிக்கினு போறதுக்கும் வழியில்லாம பண்ணிட்டீங்களே."

இந்த முறை அவனுக்கு யாரும் சொம்பு நீட்டவில்லை.

மத்தியானம் பாகாலாக் குழாயடியில் தலையாரி மூங்கில் தடியுடன் உட்கார்ந்திருந்தான். திருப்பதி மொட்டை ஒருவனை நிறுத்தி, "ஏ ஊரு? ஏ வீதி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். எதிரே வந்து நின்ற வண்டியைப் பார்த்து எழுந்தான். கோடையில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும் போர்டு மாட்டுவண்டி. மேலே இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் எட்டாத பீப்பாய். முன்பக்கம் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில், தொப்பி போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர்.

ஜெபமணி இறங்கி வந்து ஃபாரத்தை நீட்டினான். அச்சடித்த வரிகளுக்கிடையே அவன் கையெழுத்து: 'மொட்டைப்பாறைக் கிணற்று நீருடன் ஒப்பிட்டுப் பரிசோதிக்க, பாகாலாக் குழாயில் சாம்பிள் எடுக்க வேண்டியது. தினம் ஒரு முறை. புதுக் கிணறு முடியும்வரை. பரிசோதனை இடம்: மொட்டைப்பாறை.' அளவு என்ற இடத்தில், 'தேவையான அளவு'. கீழே கையெழுத்து. போன ஃபாரத்தில் போட்டதைப் போலவே இதுவும் பொய்தான். ஒரு விளக்கத்துக்கு இரண்டு விளக்கமாக எழுதிவிட்டுப் போகிறான்.

தலையாரிக்குத் தெலுங்கே தடுமாறித்தான் படிக்க வரும். தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முத்திரையை மட்டும் பார்த்தான். பிறகு பீப்பாயைப் பார்த்தான்.

"சாம்பிளுன்னா பாட்டில்ல தான தொர எடுப்பாங்க?"

"இது பெரிய பாட்டில்."

"யாரு குடிச்சிப் பாக்கப்போறாங்க?"

"அறுபது பேர்."

தலையாரி முத்திரையை இன்னொரு முறை பார்த்தான். முத்திரை முத்திரைதான். தடியைச் சுவரில் சாத்திவிட்டுத் திருகை நோக்கிக் கையை நீட்டினான்.

"நீ விலகு" என்றான் ஜெபமணி. "ஃபாரத்தில் என் கையால் எடுத்தது என்று எழுதியிருக்கிறேன்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வெள்ளை ஷூவுடன் குழாயடிச் சேற்றில் இறங்கித் திருகைத் திறந்தான்.